எதிர்த்தாக்குதல் வாரத்தில் அப்பா

பொதுமக்கள் நலன் கருதி எங்கள் பகுதி வங்கி ‘எதிர்த்தாக்குதல் வாரம்’ அறிவித்தது. போனில் அழைத்து ஏமாற்றும் திருடர்களைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். பேசிப் பேசியே அவர்களது பொன்னான நேரத்தை வீணடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. அதிக நேரம் இழுத்தடிப்பவருக்குச் சான்றிதழ். இழுத்தடிப்பதில் இத்தனை வருட அனுபவம் உள்ள வங்கி, அந்த வேலையை எங்களிடம் ஏன் விட்டது என்று புரியவில்லை.

அப்பா குழாய் ரிப்பேர் செய்பவர். கூப்பிட்ட வீடுகளுக்கெல்லாம் நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை ஒருவன் மாட்டினான்.

“சார், உங்க கணக்கு முடங்கப்போகுது. போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்க.”

“அது கிடக்கட்டும் தம்பி. நீ எதுவரைக்கும் படிச்சே?”

எண்ணை அப்பா சொல்லவே இல்லை. அதில் ஆள் கெட்டி. ஆனால் அவருக்குப் பொய்யும் வராது, வாயை மூடவும் வராது. பேச்சை இரண்டு மணி நேரம் இழுத்தார், அத்தனையையும் உண்மையாலேயே நிரப்பினார். பிறந்த தேதி, முதலில் வளர்த்த நாய், ஒன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு வைத்த பட்டப்பெயர். திருடன், “அப்புறம் என்னாச்சுண்ணே?” என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான். அப்பா பேச்சை அவ்வளவு நேரம் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

நான் முழுசாக வீடியோ எடுத்துப் போட்டேன். ‘திருடனைக் கதறவிட்ட அப்பா.’ நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். வங்கி மேலாளரே கைதட்டல் போட்டார்.

வியாழக்கிழமை கணக்கு திறக்கவில்லை. அக்காவின் நர்சிங் கல்லூரிக் கட்டணம் அதில்தான் இருந்தது. கட்டக் கடைசி நாள் வெள்ளி. மூன்று பேரும் வங்கிக்கு ஓடினோம்.

“கணக்கு உங்களுதுதான்னு நிரூபிக்கணும்,” என்றார் மேலாளர். “ரகசியக் கேள்வி. ஒன்றாம் வகுப்பு ஆசிரியரின் பட்டப்பெயர்? மூணு வாய்ப்பு.”

திருடனிடம் தானாக வந்த பெயர் இப்போது அப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை. “குடை வாத்தியார்.”

“தவறு.”

“கண்ணாடி?”

“தவறு.”

“சார், என்னைத் தெரியலையா? சான்றிதழ் எனக்குத்தான்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க.”

“சான்றிதழுக்கு உங்களைத் தெரியும். கணக்குக்குத் தெரியாது.”

அக்கா என் போனைப் பிடுங்கி வீடியோவைத் தள்ளித் தள்ளி ஓட்டினாள். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு அப்புறம் அப்பா சிரித்துக்கொண்டே சொல்கிறார்: “பஞ்சுமூட்டைன்னுதான் கூப்பிடுவோம்.”

“சரியான பதில்,” என்றார் மேலாளர். “ஆனா இதை நாற்பதாயிரம் பேர் கேட்டிருக்காங்க. ஊருக்கே தெரிஞ்ச பதிலை வச்சு நீங்கதான் கணக்குக்காரர்னு எப்படி எழுதுறது? விதிப்படி, முதல்ல சரியாச் சொன்னவருக்கே முன்னுரிமை.”

“முதல்ல சொன்னது யாரு?” என்றாள் அக்கா.

“நேத்து போன் பண்ணினார். ரொம்ப மரியாதையானவர். ஒரே தடவையில சொல்லிட்டார். ஆட்சேபம் இருந்தா, அவர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

அக்கா போனை என் கையில் வைத்தாள். வீடியோவை நீக்கப் போனேன். பார்த்தவர்கள் நாற்பத்தோராயிரம் ஆகியிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், நீக்கத்தான் வேண்டுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.