தண்ணீர் கலக்காமல் கழுவிய கார்

திண்டுக்கல்,
ஆனி மாதம் பன்னிரண்டாம் தேதி.

அன்பும் ஆதரவும் சொந்தமாக ஒரு காரும் உடைய மைத்துனர் சின்னக்கண்ணு அவர்களுக்கு, பால்கடை கருப்புசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா ஜக்கம்மாள், உங்கள் மருமகள் பொன்னழகு, மாடுகள் எல்லோரும் சுகம். கோயம்புத்தூரில் தாங்களும் தங்கள் மில்லும் சுகமாக இருக்கவேண்டும். சுகம் விசாரிக்கும் இந்த இடத்தில் காரைச் சேர்க்கவில்லையே என்று தாங்கள் உடனே பதற வேண்டாம். அதற்குத்தான் இந்தக் கடிதம். கார் வாங்கிய மனிதனை இனி நீ, வா, போ என்று எழுதக்கூடாது என்று உன் அக்கா சொன்னதால் 'தாங்கள்' போட்டு ஆரம்பித்தேன். நடந்ததை எல்லாம் அந்த மரியாதையோடு சொல்லி முடிக்க எனக்குத் தெம்பில்லை. இனி நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பொன்னழகுக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த வரன் உனக்குத் தெரியும். பையனின் அப்பா வேலுசாமி, காய்கறிக் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். அவர் நகை கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. திண்டுக்கல்லில் மூன்று காபி கிளப்புகளில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "பால்ல தண்ணி கலக்கற ஆளுங்களா அவரு?" கடைக்கு மேலே 'தண்ணீர் கலக்காத பால்' என்று நான் பலகை மாட்டியிருப்பது அவருக்குப் போதவில்லை. ஊர் முழுக்க நல்லபடியாகச் சொன்ன பிறகுதான் நிச்சயம் செய்ய நாள் குறித்தார். அவர்களைக் கூட்டிவர நீ உன் கறுப்புக் காரை அனுப்பிவைத்தாய். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நீயும் மறக்கமாட்டாய்.

நிச்சயத்துக்கு முதல் நாள் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து பால் கொண்டுவரும் வண்டிக்கு அச்சு முறிந்துவிட்டது. வாசலில் கார் சும்மா நிற்கிறது, காரோட்டத் தெரிந்த அடுத்த வீட்டுத் தோல் வியாபாரி சௌகத் அலியும் சும்மா நிற்கிறார். பால் கேன்களைப் பின் சீட்டில் ஏற்றினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். ஒன்றும் குறையவில்லை, ஒரு கேன் பால் மட்டும் குறைந்தது. அது முழுக்கச் சீட்டுக்குள் போய்விட்டது. மறுநாள் காலையில் கார்க் கதவைத் திறந்த சௌகத் அலி, தோல் மண்டியிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன பாய் இது, நம்ம மண்டி தேவலையே!" என்றார். அவர் என்னைப் பாய் என்று கூப்பிடுவது ரொம்பச் சங்கடப்படும்போது மட்டும்தான்.

அப்போதுதான் காரின் பின்பெட்டியில் நீ வைத்திருந்த சோப் ஆயில் டின் கண்ணில் பட்டது. டின்மேல் நீ ஒட்டியிருந்த காகிதத்தை உன் அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஒரு பங்கு ஆயிலுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலக்க வேண்டும். நிழலில் நிறுத்திக் கழுவ வேண்டும். யார் கண்ணுக்கும் படாத மூலையில் முதலில் கொஞ்சம் தேய்த்துப் பார்க்க வேண்டும். காயவிடாமல் நிறையத் தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். தோல் சீட்டில் படக்கூடாது. கையில் உறை போட வேண்டும். மைத்துனா, உன் படிப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். குழாயில் ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிற திண்டுக்கல்லில் இருப்பவனுக்கு இதை எழுதியிருக்கிறாய். அதைக்கூட விடு. சம்பந்தி வரப்போகிற அன்று, பால் வாங்க ஜனங்கள் வரிசையில் நிற்கிற என் கடை வாசலில், அந்தப் பலகைக்கு நேர் கீழே, நான் ஒரு டின்னை வைத்துக்கொண்டு தண்ணீரை ஊற்றிக் கலக்கினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

உன் அக்கா வாளியோடு வந்தாள்.

"தண்ணி ஊத்தச் சொல்லித்தான தம்பி எழுதியிருக்கான். ஊத்தி வெளாவுங்க."

"இந்தக் கையால எதுலயும் தண்ணி கலந்ததில்ல ஜக்கு. இன்னைக்குப் புதுசாப் பழகச் சொல்றியா?"

"இது பால் இல்ல, சோப்பு."

"இன்னைக்குச் சோப்புன்னு ஆரம்பிப்பேன். நாளைக்குப் பாலுன்னு பேசுவாய்ங்க."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில்தான் என் புத்தி போயிற்று. டின்னை அப்படியே காரின் முன்மூடிமேல் கவிழ்த்தேன். யாருக்கும் தெரியாத மூலையில் தேய்த்துப் பார்ப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒளித்துச் செய்ய இதென்ன திருட்டா? கூரையில் கொஞ்சம், கதவுகளில் கொஞ்சம், பால் கொட்டிய சீட்டில் தாராளமாக. வெறும் கையாலேயே தடவினேன். நல்ல வெயில். மருந்து ஊறட்டும் என்று எதிர்க் கடையில் காபி குடிக்கப் போனேன். அங்கே இருந்தவர்கள் என் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். கேட்க நன்றாக இருந்ததால் இன்னொரு காபியும் சொன்னேன்.

திரும்பி வந்து பார்த்தால் உன் கறுப்புக் கார் விபூதிப் பட்டை அடித்துக்கொண்டு நிற்கிறது. ஆயில் எங்கெங்கே வழிந்ததோ அங்கெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்து பிடித்திருந்தது. வீட்டில் இருந்ததோ இரண்டு குடம் தண்ணீர். அதை ஊற்றினால் நுரைதான் வந்தது, பட்டை போகவில்லை. எங்கள் தொழிலில் பாத்திரத்தில் கறை பிடித்தால் புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்போம். இத்தனை வருஷத்தில் ஒரு பால்குடமும் என்மேல் புகார் சொன்னதில்லை. அந்த நம்பிக்கையில் தேய்த்தேன். முன்னாலிருக்கும் வெள்ளிக் கம்பியில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று நீ பெருமையாகச் சொல்வாயே, இனி கண்ணாடி வாங்கிக்கொள். சௌகத் அலி, "போதும் பாய், உள்ள தகரம் தெரியுது" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். பிடித்ததும் நான் அலறினேன். உள்ளங்கை இரண்டும் வெந்து தோல் உரிந்திருந்தது. கை உறை என்று நீ எழுதியதை ஏதோ மில்காரர்களின் பகட்டு என்று நினைத்துவிட்டேன். உன் அக்கா என் கையைத் தண்ணீரில் பிடித்து அலசிவிட்டு வெண்ணெய் தடவினாள்.

அந்தக் கோலத்தோடுதான் ஒட்டன்சத்திரம் போய்ச் சம்பந்தியை ஏற்றிக்கொண்டு வந்தோம். அவர் புது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார். வழியில் மேற்கேயிருந்து சாரல் பிடித்துக்கொண்டது. நான் அலசாமல் விட்ட சோப்பெல்லாம் அதற்காகவே காத்திருந்ததுபோல, மூடியின் இடுக்கிலிருந்து நுரை கிளம்பியது. கொஞ்சமாக அல்ல, குபுகுபுவென்று. கண்ணாடி மறைந்து சௌகத் அலிக்குப் பாதை தெரியவில்லை. வண்டியை ஓரம்கட்டினார். ஆடு மேய்க்கிறவர்கள் எல்லாம் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. வேலுசாமி மட்டும் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, இது பால் பொங்கறாப்பல இருக்குதுங்களே! நல்ல காரியத்துக்குப் போறப்ப பொங்குதுன்னா நல்ல சகுனமுங்க."

நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கை எரிந்தது.

வீட்டு வாசலில் இறங்கினார். பின்னால் வேறு வண்டியில் வந்த பெண்கள் கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. உன் சீட்டின் சிவப்புச் சாயம் முழுக்க அவருடைய வேட்டியின் பின்பக்கத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. அவர் திரும்பி வேட்டியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு என் ஒரே பெண் உட்கார்ந்திருக்கிறாள். இந்த அசட்டு அப்பனால் அவள் வாழ்க்கை போயிற்றே என்று நினைத்தேன். மறைக்கத் தெரியவில்லை. டின், காகிதம், காபி, புளி எல்லாவற்றையும் வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"தண்ணி கலக்கோணும்னு அதுலயே எழுதியிருந்துச்சுங்களா?"

"எழுதியிருந்துச்சு."

"தெரிஞ்சுமா கலக்கல?"

"என்னால ஏலல."

அவர் வேட்டியை உதறி இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு தன் உறவினர்கள் பக்கம் திரும்பி, "கலக்கோணும்னு எழுதி ஒட்டுனதுலயே கலக்காத மனுசன், பால்ல எங்கீங்க கலக்கப்போறாரு? தட்டை எடுங்க" என்றார். சிவப்பு வேட்டியோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்து தட்டு மாற்றினார். வெண்ணெய்க் கையால் நான் தட்டை வாங்கும்போது அது வழுக்கியது. நல்லவேளை, உன் அக்கா கீழே கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். ஆவணியில் கல்யாணம். கல்யாணத்துக்கு வேண்டிய பால் அத்தனையும் நம் கடையிலிருந்துதான் வரவேண்டும் என்பது சம்பந்தியின் ஒரே நிபந்தனை.

ஆகவே மைத்துனா, உன் கார் கெட்டதால்தான் உன் மருமகளுக்கு வாழ்வு வந்தது. இப்படி ஒரு புண்ணியம் எந்தத் தாய்மாமனுக்கும் கிடைத்ததில்லை. காரைப் பார்க்கும்போது இதை மட்டும் நினைத்துக்கொள், வேறு எதையும் நினைக்காதே. தண்ணீர் கலக்காத பரம்பரையில் பெண் கொடுத்தோம் என்று உங்கள் குடும்பமும் தலைநிமிர்ந்து நடக்கலாம். அபிராமி அம்மன் அருளால் நீ இன்னும் பெரிய கார் வாங்க வேண்டும், அதை எங்களுக்கு இரவல் தரும் மனசும் உனக்கு மாறாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கை குணமாகிவரும் உன் அத்தான்,
கருப்புசாமி.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர் கலக்காத பரம்பரை என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. "ஏங்க, கறந்தத அப்படியே ஊத்துனா அம்புட்டு வீட்டுக்கும் எங்கிட்டுப் பத்தும்? கலியாணமாகி வந்ததுலேர்ந்து நான்தான ஊத்துறேன்" என்கிறாள். எப்படி ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று என்று கேட்டேன். வெயில் ஏறுமுன் நிழலில் வைத்து ஊற்றுவாளாம். அளவு தாண்டமாட்டாளாம். முதலில் மரியசெல்வம் வாத்தியார் வீட்டுக்கு மட்டும் கொஞ்சமாகக் கலந்து கொடுத்துப் பார்த்தாளாம். பால் அருமை என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு. நீ டின்மேல் எழுதி ஒட்டியதை எல்லாம் நம் வீட்டில் ஒருத்தி இத்தனை காலமும் ஒரு பிசகில்லாமல் செய்துவந்திருக்கிறாள். காபி கிளப்பில் வேலுசாமியிடம் ஊரே மெச்சியது அவள் கைப்பக்குவத்தைத்தான். இதைப் படித்ததும் கிழித்துவிடு. ஆவணிக்கு நீ தைரியமாகக் காரை அனுப்பு, அதை அவள் கழுவுவாள். டின்னில் மிச்சமிருந்ததை அவளே பத்துக்கு ஒன்றாகக் கலந்து கொடுத்திருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு நான் இப்போது கடைப் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து கொஞ்சம்கூட அழியவில்லை.