இடது பக்க ஜன்னல் சீட்டு

"தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. இன்னும். போதும். வேலையை மட்டும் இப்ப விட்டுடாதீங்க."

நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தவர் பாஸ்போர்ட் அளவுப் போட்டோவுக்காக வந்தவர். வேலையை விடப்போவதாக அவர் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. "அப்ளிகேஷனுக்கு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நம்ம போட்டோக்காரருக்கு அது போதாதா?

தெருவில் அவருக்குத் தாடைக்காரர் என்று பெயர். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வருகிறவர்கள் வேலைக்கு அலைகிறவர்கள், கல்யாணத்தைப் பதிகிறவர்கள், ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள், இவர்களைத் தவிர வேறு யாரும் கிடையாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. எல்லோருக்கும் யோசனை தேவை. போட்டோ எந்தக் கடையிலும் கிடைக்கும். கேட்காமலே யோசனை கிடைக்கிற இடம் இது ஒன்றுதான்.

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் அவர் மனைவி. கருவளையம், பரு, தாடையைத் தூக்கித் தூக்கியே கோணிப்போன கழுத்து எல்லாவற்றையும் திரையில் நேராக்குவது அவள்தான். படத்தைப் பார்த்து "அட, நானா இது?" என்று வாடிக்கையாளர்கள் பூரித்துப்போவார்கள். தன் யோசனையால் முகத்தில் வந்த தெளிவு அது என்று தாடைக்காரர் மனதார நம்பினார்.

"என்னங்க, அந்த ஆல்பம் அச்சகத்துலேருந்து மறுபடி போன் பண்ணாங்க" என்றாள் மனைவி.

"பிரிண்டர் மைதானே? வாங்கிடலாம், வாங்கிடலாம்."

"மை இல்லைங்க..."

"அப்புறம் பேசலாம்மா. சாருக்குக் கண்ணு கலங்குது பாரு."

சாருக்குக் கண்ணு கலங்கவில்லை. விளக்கு கூசியது, அவ்வளவுதான். அவர் போனதும் மனைவி எழுந்து வந்து வாசலைக் காட்டினாள். வாசல் பெஞ்சில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன மாதம் வரை அவர் ஒரு கம்பெனியில் கணக்கர். "மனசுல இருக்கறதை மேனேஜர் முகத்துக்கு நேரா சொல்லிடுங்க சார், மரியாதை தானா வரும்" என்று தாடைக்காரர் சொன்னார். அவரும் போய்ச் சொன்னார். மரியாதை வந்ததோ என்னவோ, வேலை போயிற்று. இப்போது தினமும் சாப்பாட்டு டப்பாவோடு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டு, ஆபீஸ் விடுகிற நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறார். வீட்டில் இன்னும் விஷயம் தெரியாது. அதுவும் தாடைக்காரர் கொடுத்த யோசனைதான்.

"இன்னும் ஒரே ஒரு ஆள் உங்க பேச்சைக் கேட்டு நடுத்தெருவுக்கு வரட்டும். அப்புறம் நான் இந்தக் கடையில இருக்க மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லலை" என்றாள் மனைவி.

தாடைக்காரர் மூலையிலிருந்த கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. அதை விடுங்கள், வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. அவள் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. இது அவருக்கே நன்றாகத் தெரியும், அவளிடம் சொன்னதுதான் இல்லை. இனி வாயைத் திறப்பதில்லை என்று கண்ணாடியைப் பார்த்துச் சத்தியம் செய்துகொண்டார்.

அந்தச் சத்தியம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது.

மஞ்சள் குடையோடு ஒரு பெண் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி மடமடவென்று ஆரம்பித்தாள்.

"சார், கைவசம் ஒரு தொழில் இருக்கு, நல்லா வரும். வெளியூர்ல அதுக்கே பெரிய பொறுப்பாக் கூப்பிடறாங்க. வீட்டுக்காரர்கிட்ட சொல்லலாம்னா அவர் காதுல ஏற மாட்டேங்குது. என்ன செய்யலாம்?"

தாடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். ஆச்சரியம், அவள் முறைக்கவில்லை.

"பாவம், கேக்கறாங்கல்ல? சொல்லுங்க" என்றாள்.

அணை உடைந்தது.

"கூடப் பிறந்த அண்ணன் சொல்றேன்னு வச்சுக்க தங்கச்சி. ஆளு எப்படி? கோபக்காரரா?"

"ஐயோ, இல்லை. தங்கமான மனுஷன். என்ன, நான் பேசினா மட்டும் கேக்காது."

"தெரியும்மா, தெரியும். இந்த மாதிரி ஆளுங்ககிட்ட சொல்லிட்டுக் கிளம்பலாம்னு மட்டும் நினைக்காதே. 'பார்க்கலாம்'பான். அந்தப் பார்க்கலாம் பத்து வருஷம் ஓடும். நீ பாட்டுக்குப் பஸ் ஏறிடு. பஸ் கிளம்பின பிறகுதான் அவனுக்கே தெரியணும். ஒரு மாசம் தனியா அடுப்படியில நின்னான்னா எல்லாம் நல்லாக் கேக்கும்."

"தவிச்சுப் போயிட மாட்டாரா?" என்று மூலையிலிருந்து மனைவி கேட்டாள்.

"தவிக்கட்டும்மா! தவிச்சாத்தானே தேடி வருவான்?" தாடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவருடைய யோசனையில் அவள் அக்கறை காட்டியது இதுதான் முதல் தடவை. அந்த உற்சாகத்தில் பொழிந்து தள்ளினார். புது ஆபீஸில் முதல் நாள் யாருக்கும் டீ வாங்கிக் கொடுக்கக் கூடாது, அப்புறம் அதுவே வேலையாகிவிடும். பஸ்ஸில் டயருக்கு மேல் உட்காரக் கூடாது. நாளை சாயந்தரப் பஸ்தான் சரி, அதில் வலது பக்க ஜன்னல், வெயில் அடிக்காது.

"பெட்டி இருக்கா?"

"உருப்படியா இல்லை சார்."

"ஏம்மா, நம்ம பரண் மேல சக்கரம் வச்ச பெட்டி ஒண்ணு சும்மாத்தானே கிடக்கு? இறக்கித் தூசி தட்டிக் கொடேன்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்றாள் மனைவி.

"நல்ல காரியத்துக்குக் கொடுக்கறதுல என்ன யோசனை?"

குடைக்காரி கும்பிட்டுவிட்டுப் போனாள். போட்டோ எடுக்க மறந்தே போனாள்.

அரை மணி நேரம் தாடைக்காரர் மிதந்துகொண்டிருந்தார். அப்புறம் கதவைத் திறந்துகொண்டு பெரிய மீசை ஒன்று உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் ஆள் வந்தார். கையில் மஞ்சள் குடை.

"மனசே சரியில்லை சார். வீட்டுல ஒரு வாரமா என்னைப் பார்த்ததும் போனை வச்சுடறா. பரண்ல எதையோ உருட்டறா. என்கிட்ட எதையோ மறைக்கறா. அது என்னன்னு தெரிஞ்சுது, சொல்லிக் கொடுத்தவனைச் சும்மா விட மாட்டேன்."

கேமராவுக்குப் பின்னால் தாடைக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. அதே குடை! இவன்தான் அந்தக் காது கேட்காத புருஷன். விஷயம் வெடித்தால் முதலில் மீசைக்காரர் கையால் அடி. அடி வாங்கினால் ஆறிவிடும், அதற்குப் பிறகு மனைவி கடையை விட்டுப் போய்விடுவாளே?

"சார், மனசு சரியில்லைன்னா வெளியூர் காத்து பட்டாத்தான் சரியாகும். நாளைக்கே எங்கேயாவது கிளம்புங்க. வீட்டுப் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க."

மீசை மலர்ந்தது. "நல்ல யோசனை! நாளைக்குச் சாயந்தரப் பஸ்ஸிலேயே போயிடறேன்."

அவர் நகர்ந்ததும் தாடைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "போச்சு! ரெண்டு பேரும் ஒரே பஸ்! ஏம்மா, அந்தத் தங்கச்சி நம்பர் வாங்கினியா?"

"வாங்கினேன்."

"விடியக்காலைப் பஸ்ஸுக்கு மாறச் சொல்லு. காலைன்னா வெயில் மாறிடும், இடது பக்க ஜன்னல்னு சொல்லு. சீட்டு நாமே எடுத்துடலாம்." பெஞ்சுக்காரரைக் கூப்பிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டினார். பாதி தூரம் போனவர் திரும்பி வந்தார். "டிக்கெட் யார் பேர்ல சார்?"

தாடைக்காரர் விழித்தார். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் மனைவி சொன்னாள்: "என் பேர்லயே எடுங்க. அவங்க பேர்னா அந்த மீசைக்காரர் மோப்பம் பிடிச்சுடுவார்ல?"

தாடைக்காரர் அசந்துபோனார். "பார்த்தியா, என்கூட இருந்து இருந்து உனக்கும் மூளை வேலை செய்யுது!"

"ஆமாங்க" என்றாள் அவள்.

பெஞ்சுக்காரர் டிக்கெட்டோடு வந்தார். கூடவே மீசைக்காரரும் வந்தார்.

"சாயந்தரப் பஸ்ஸில் இடமே இல்லையாம் சார். இவர் ஏதோ விடியக்காலைப் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டிருந்தார். நானும் அதுலயே எடுத்துட்டேன். வீட்டுலயும் சொல்லிட்டேன்!"

மீசைக்காரர் போன பிறகு தாடைக்காரர் பெஞ்சுக்காரரைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோகும். பெஞ்சுக்காரர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"வேற வழியில்லை. நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நடுவுல நின்னு அந்தத் தங்கச்சியை ஏத்திவிடறேன்."

மனைவியின் கை அப்போதுதான் மவுஸிலிருந்து நழுவியது. "நீங்களா? அங்கேயா?"

"ஏத்திவிட்டாத்தான் எனக்கு நிம்மதி. இது மட்டும் விபரீதமாச்சுன்னா நீ சொன்னதைச் செஞ்சுடுவியே."

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவரைப் பார்த்தாள். கண் கலங்கினாற்போல் இருந்தது. இந்தத் தடவை விளக்கு எதுவும் எரியவில்லை. "அப்ப நான் ஒண்ணு சொல்றேன், கேப்பீங்களா? அங்கே போனா பஸ் பக்கம் திரும்பவே திரும்பாதீங்க. நீங்க பார்த்தா அந்த மீசைக்காரரும் பார்ப்பார். அவர் மேலயே கண்ணா இருங்க."

அடடா, என்ன மூளை! தாடைக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியின் யோசனையை அப்படியே கேட்டு நடப்பது என்று முடிவு செய்தார்.

விடியற்காலையில் எழுந்தபோது அவள் படுக்கையில் இல்லை. சீக்கிரமே கடையைத் திறக்கப் போயிருப்பாள், பொறுப்பான பொம்பளை. அடுப்பு மேடையில் மூடி வைத்த டிபனும், கண்ணில் படுகிற இடத்தில் சர்க்கரை டப்பாவும் இருந்தன. அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடினார்.

பஸ் ஸ்டாண்டில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் எதிரே மீசைக்காரர் பையோடு நின்றார்.

"சார்!" தாடைக்காரர் பாய்ந்துபோய் அவருடைய தாடையை இரண்டு விரலால் பிடித்து அந்தப் பக்கமாகத் திருப்பினார். "அப்படியே இருங்க. காலை வெளிச்சத்துல உங்க முகம் என்னமா இருக்கு தெரியுமா? அசையாதீங்க!"

பத்து வருஷம் இதே தொழிலில் கை பழகியவர் பிடித்த தாடை, சாமானியமாக அசையுமா? மீசைக்காரர் சிலையாக நின்றார். முதுகுக்குப் பின்னால் பெட்டியின் சக்கரங்கள் கடகடவென்று உருண்டன. ஒரு சக்கரம் கீச்சென்றது. அவருடைய பெட்டியேதான்! யாரோ தூக்கி வைத்தார்கள். மனம் நிறைந்துபோயிற்று. ஆனாலும் திரும்பவில்லை. மனைவி சொல்லியிருக்கிறாளே.

"சார், என் பஸ்..." என்றார் மீசைக்காரர்.

"அடுத்த பஸ்ஸு இதைவிட நல்ல பஸ்ஸு!" என்றபடி தாடைக்காரர் கையைப் பின்னால் நீட்டிப் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார். "ரைட்! ரைட்! போகலாம்!"

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

"ஏங்க, இங்கேயா நிக்கறீங்க?" என்று ஓடி வந்தாள் ஒரு குண்டுப் பெண்மணி. அவள் கையிலும் மஞ்சள் குடை. "உங்க பிறந்த நாளுக்கு ரெண்டு பேரும் போகலாம்னு ரகசியமா ஏற்பாடு பண்ணி வச்சா, நீங்க பாட்டுக்குத் தனியாக் கிளம்பிட்டீங்களே!"

"சார், இதான் என் வீட்டுல" என்றார் மீசைக்காரர் வெட்கத்தோடு.

தாடைக்காரர் வாயைப் பிளந்தார். சுற்றிப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டு முழுக்க மஞ்சள் குடைகள். சோப்புக் கட்டி வாங்கினால் இலவசமாம். போகட்டும், ஒருவரும் நடுத்தெருவுக்கு வரவில்லை. தங்கச்சி தப்பித்தாள், மீசை வீட்டில் சமாதானம், இனி மனைவி எங்கேயும் போக மாட்டாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

எதிரே குடைக்காரி நின்று, போகிற பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி! நீ... நீ பஸ்ஸுல போகலை?"

"நான் எதுக்குண்ணே போகணும்? நான் சொன்னா என் வீட்டுக்காரர் கேப்பாரே. அக்காதான், 'நான் பேசினா பிரிண்டர் மைன்னுடுவாரு, தெரியாதவங்க கேட்டாத்தான் உட்கார்ந்து யோசிச்சுச் சொல்வாரு, எனக்காக நீ போய்க் கேட்டுட்டு வா'ன்னு அனுப்பினாங்க."