ஆட்டிப் பாருங்கள், மாமா

மேல்விஷாரம்,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மாமா தணிகாசலம் அவர்களின் சமூகத்திற்கு, மைத்துனன் கன்னியப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் லாரியும் இதுவரை உயிரோடு இருக்கிறோம். கலவையில் தாங்களும் அக்கா அமிர்தவள்ளியும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். என் நம்பரைத் தாங்கள் பிளாக் செய்துவிட்டதாக அக்கா சொன்னபடியால், போனில் திட்டு வாங்க வேண்டியதைப் பேப்பரில் எழுதி, கலவை பஸ்ஸில் பார்சலோடு கொடுத்தனுப்புகிறேன்.

நாம் ஏற்றுவது உப்புப் போட்ட மாட்டுத் தோல் என்பது தாங்கள் அறிந்ததே. அந்த உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, ஸ்டியரிங் ராடை முன்சக்கரத்தோடு சேர்க்கிற பால் ஜாயிண்ட்டை அரித்துவிட்டது. அதன்மேல் இருந்த ரப்பர் மூடியைத் தோல் வாசனைக்கு நாய் தின்றுவிட்டது. ஸ்டியரிங்கைச் சுற்றினால் சக்கரம் யாருக்கு வந்த விருந்தோ என்று நிற்கிறது. லாரியை ஓட்டுகிற தங்கள் மகன் இளம்பரிதி, வண்டி அது இஷ்டத்துக்குப் போகிறது என்று மாதக்கணக்காய்ப் புலம்புகிறான். நான் சொன்னபோதெல்லாம், நல்ல சாமானைக் கழற்றி நான் விற்கப் பார்ப்பதாகச் சொன்னீர்கள். சோளிங்கரில் பூஜை போட்டாயிற்று, நரசிம்மர் பார்த்துக்கொள்வார் என்றீர்கள். சாமிக்கு ஹெவி லைசென்ஸ் கிடையாது, மாமா.

போன வாரம் பேரணாம்பட்டு மலைப்பாதையில இறங்கும்போது வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்து, ஓரத்துக் கட்டைச் சுவர்ல உரசி நின்னுது. புள்ள வந்து சோத்துல கை வெச்சான், சாப்பிடாமலே எழுந்துட்டான். மருமகள் சௌந்தர்யா வேற முழுகாம இருக்கா. உங்களைக் கேக்காமலே புது ஜாயிண்ட் வாங்கி, இன்னைக்கு மெக்கானிக் கவுஸ் பாஷா பாயைக் கூப்ட்டேன். பாய் பழசைக் கழட்டினார். அழுக்கோட அனுப்பினா வேற வண்டிச் சாமான்னு சொல்வீங்களேன்னு, அதை டீசல்ல கழுவி, கிரீஸ் தடவி, பளபளன்னு ஆக்கி, புதுசு பக்கத்துலயே சாக்குமேல வெச்சேன். பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார், வந்து மாட்றேன்னார். லோடுக்கு நேரமாவுது, ஒரு நட்டை முடுக்க இன்னா பெரிய படிப்புன்னு நானே அடியில படுத்து மாட்டினேன். இளம்பரிதி சுத்திப் பாத்துட்டு, "இன்னும் ஆட்டம் இருக்கு மாமா"ன்னான். புதுசுன்னா அப்படித்தான்டா, ஓட ஓட செட்டாவும்னு அதட்டி மலைக்கு அனுப்பிட்டேன். ஓட்டும்போது போனை ஆஃப் பண்ணி வைன்னும் சொல்லிட்டேன்.

பழைய ஜாயிண்ட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். தாங்களே கையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், மாமா. லொடலொடவென்று ஆடும். இதை நம்பியா பிள்ளையை அனுப்பினோம் என்று தங்களுக்கே தோன்றும்.

அக்காவின் சர்க்கரை அடங்கவும் தங்கள் கோபம் அடங்கவும் வேண்டும்,
தங்கள் மைத்துனன்,
கன்னியப்பன்.

பி.கு.: பஸ் ஸ்டாண்டுல நின்னு எழுதறேன். பார்சல் கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆட்டிப் பாத்தேன். ஆடலை, மாமா. புதுசு என் கையில இருக்கு. புள்ள போன் ஆஃப். அக்கா எடுக்கலை. டீக்கடைக்காரர் போன்ல அடிச்சேன், தெரியாத நம்பர்னு கட் பண்ணிட்டீங்க. லெட்டரை மட்டும் பஸ்ல கொடுத்துட்டு, நான் ஏறி வந்த பாயோட பைக்லயே மலைக்குப் போறேன். சோளிங்கர்ல இன்னொரு பூஜைக்குச் சொல்லுங்க.