வெல்லம் கொடுத்த கண்

வடமாலபேட்டையில் பஸ் நின்றால் முன்பெல்லாம் இரண்டு பேர் இறங்குவார்கள். அந்தச் சித்திரையில் பஸ்ஸே காலியானது. டிரைவரும் இறங்கினார், கண்டக்டரும் இறங்கினார். எல்லாருக்கும் கண் வேண்டியிருந்தது.

கண் கொடுப்பவர் நேத்ரானந்த சாமி. ரோட்டோரம் புளியந்தோப்பில் கொட்டகை போட்டிருந்தார்.

எல்லை பிரிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. திருத்தணி மெட்ராஸுக்குப் போயிற்று. புத்தூர் ஆந்திராவில் நின்றுவிட்டது. ஊருக்கு ஊர் முகம் கொடுத்துப் பேசாத காலம். சாமி விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. தெலுங்கர் ‘மா சாமி’ என்றார்கள், தமிழர் ‘எங்க சாமி’ என்றார்கள். வருஷக்கணக்காக மனுப் போட்டும் கூட்டம் போட்டும் ஒத்துப்போகாதவர்கள் ஒரு வெல்ல உருண்டையில் ஒத்துப்போனார்கள்.

சாமி காசைத் தொடமாட்டார். காணிக்கை ஒரு அச்சு வெல்லம், அவ்வளவுதான். கொட்டகை வாசலிலேயே வெல்லக் கடை. பக்தர் வாங்கிப் பாதத்தில் வைப்பார். பாதத்திலிருந்து கூடைக்குப் போகும். கூடை பின்பக்கமாகக் கடைக்குப் போகும். சித்தூர் மண்டியிலிருந்து வந்த ஒரே அச்சு பொழுது சாய்வதற்குள் ஆறு பேருடைய பக்தியைத் தாங்கியது. வெல்லத்துக்கு மறுபிறவி உண்டு என்பது அங்கேதான் நிரூபணமானது.

சாமியின் அற்புதம் எல்லாருக்கும் பலிக்காது. கண்புரை வந்தவரைப் பூர்வஜன்ம வினை என்று திருப்பி அனுப்பிவிடுவார். சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொண்டு, அதன்பின் எழுத்து மங்கிப்போய் வருபவரைத்தான் உட்காரவைப்பார். அப்படி வந்தவர் புத்தூர் ஏகாம்பரம்.

ஏகாம்பரம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். தமிழிலும் எழுதுவார், தெலுங்கிலும் எழுதுவார். ஐம்பத்தைந்து வயதில் கண்ணாடி இல்லாமல் எழுதுவது அவருக்குப் பெரிய பெருமை. வடமாலபேட்டை ரோட்டுப் போர்டில் தமிழும் இருக்கவேண்டும் என்று பதினோரு மனு எழுதி அனுப்பியவரும் அவர்தான்.

மாசியில் அவர் கால்விரலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. சித்தூர் டாக்டர் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏறிக்கிடக்கிறது, இறக்காவிட்டால் காலை எடுக்கவேண்டி வரும் என்றார். தினம் ஊசி. பத்து நாளில் புண் ஓரம் வற்றியது. கூடவே எழுத்தும் மங்கியது. மனுவில் எழுதிய வரி எறும்புச் சாரையாகத் தெரிந்தது.

டாக்டர் இதை முன்பே சொல்லியிருந்தார். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடி மாதிரியான வில்லை ஊறிப்போகும். கிட்டத்து எழுத்து தெரியும், தூரம் மங்கும். சர்க்கரை சட்டென்று இறங்கினால் வில்லை திரும்பும்; தூரம் தெளியும், கிட்டத்தில் மங்கும். ஒன்றரை மாதத்தில் நிலைக்கு வரும். அதுவரை ஊசியை விடாதே, கண்ணாடியும் போடாதே.

ஏகாம்பரத்துக்கு ஒன்றரை மாதம் நீளமாக இருந்தது. மனு எழுதாவிட்டால் அடுப்பு எரியாது. டாக்டர் சமாளிக்கிறார் என்று முடிவு கட்டி வடமாலபேட்டைக்குப் பஸ் ஏறினார்.

சாமி அவர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். ஊசிமுனை நரம்பில் இறங்கிக் கண்ணின் ஒளியை உறிஞ்சிவிட்டது என்றார். ஊசியை விடு. இருபத்தொரு நாள், வேளைக்கு மூன்று உருண்டை வெல்லம். புண்ணுக்கு விபூதி.

பதினைந்தாம் நாள் எழுத்து தெளிந்தது. ஏகாம்பரம் அழுதுவிட்டார்.

அவர் மனைவி செங்கம்மா அழவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது, நிறம் தெரியும். ஆஸ்பத்திரி நர்ஸ் அவளுக்கு ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு புட்டி நீல மருந்தும் கொடுத்திருந்தாள். மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சவேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் மோசம். ஊசி போட்ட நாட்களில் பச்சையோடு நின்றது. வெல்லம் தின்னும் நாட்களில் தினமும் செங்கல். புண்ணும் திரும்பத் திறந்துகொண்டது. சொல்லிப் பார்த்தாள். சாமி மேல் சந்தேகமா என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

இருபத்தொன்றாம் நாள் ஏகாம்பரத்தை மேடையேற்றினார்கள். நொண்டிக்கொண்டே ஏறினார். சாமி எல்லை கெஜட்டை அவர் கையில் கொடுத்தார். எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பொடி எழுத்தில் அச்சிட்ட பட்டியல். கண்ணாடி இல்லாமல் மடமடவென்று படித்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவரவர் ஊர் பேர் வந்தபோது இன்னொருமுறை போட்டுக்கொண்டது.

முன்வரிசையிலிருந்து செங்கம்மா எழுந்தாள். கையில் துணிப்பை.

“இன்னாங்க, அத்தோட இதையும் படிச்சிடுங்க. ரோட்டாண்ட புது போர்டு நட்டுக்கீறாங்க. உங்க மனுவுக்கு இன்னா ஆச்சுன்னு ஊருக்குத் தெரியட்டும்.”

போர்டு நூறு அடிக்கு அப்பால் வெயிலில் நின்றது. ஏகாம்பரம் நிமிர்ந்தார். கண்ணைச் சுருக்கினார். கையைக் குடையாக வைத்தார். பிறகு அவர் முகம் சிவந்தது.

“பாத்தீங்களாய்யா அக்கிரமத்த? தமிழே இல்ல. ஏமாத்திட்டாங்க. இன்னைக்கே பன்னெண்டாவது மனு எழுதுறேன்.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. போர்டில் மூன்று வரி. முதல் வரி தமிழ். ஒரு சாண் உயரம், கறுப்பு மை, இன்னும் பிசுக்கு காயவில்லை.

யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் ரங்கையா, பஸ்ஸில் பேசுகிற மாதிரி பாதித் தெலுங்கில் சொன்னார்: “அய்யா, அதி மொதல் லைன்லயே உந்தி. மூணாங்கிளாஸ் பிள்ளை படிக்கும்.”

ஏகாம்பரம் மேடை ஓரத்துக்கு நொண்டிப் போனார். மறுபடியும் போர்டைப் பார்த்தார். அவருக்கு அது வெள்ளைச் சதுரமாகத்தான் தெரிந்தது.

“ஊசி போட்டுக்கினு இருந்தப்போ வாசல்ல நின்னு நகரி மலை மூக்கு தெரியுதுன்னு சொன்னீங்க,” என்றாள் செங்கம்மா. “மலையே தெரிஞ்ச கண்ணுக்கு இப்ப போர்டு தெரியல. இத்தான் சாமி குடுத்த கண்ணா?”

சாமி கை உயர்த்தினார். கிட்டப் பார்வை முதல் இருபத்தொரு நாளில் வரும், தூரப் பார்வை அடுத்த இருபத்தொரு நாளில் வரும் என்று விளக்கினார். கூட்டத்தில் பாதி தலையாட்டியது. தலை இருப்பதே அதற்குத்தான்.

செங்கம்மா பையைத் திறந்தாள். ஸ்பிரிட் விளக்கு, குழாய், நீல மருந்து, காலையில் பிடித்த சிறுநீர்க் குப்பி. மேடையேறி, அங்கேயே விளக்கை ஏற்றினாள். எட்டுச் சொட்டு எண்ணி விட்டாள். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, மஞ்சள் பழுத்துச் செங்கல்லாயிற்று. குழாயைத் தூக்கிக் காட்டினாள்.

“வெல்லம் இங்க கீது. கண்ணுல ஊறி எழுத்தக் காட்டுது. கால்ல ஊறி புண்ண அழுக வைக்குது. சாமி, உங்க பிரசாதம் நல்லதுன்னா நீங்களும் ஒரு உருண்டை துன்னுங்க. நாங்க பாக்கறோம்.”

இருபத்தொரு நாளில் சாமி வெல்லம் தின்று யாரும் பார்த்ததில்லை. இப்போதுதான் அது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. விரதம் என்றார். இன்றைக்கு ஏகாதசிகூட இல்லையே என்றார்கள். மௌனம் என்று சைகை காட்டினார். தின்ன எதற்கு வாய் பேசவேண்டும் என்றார்கள். ரங்கையா ஓர் உருண்டையை எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனார்.

சாமி பின்னால் நகர்ந்தார். வியர்த்தது. வாய் தானாகத் திறந்தது.

“வேணாம்ப்பா. எனக்கு டாக்டர் தொடவே கூடாதுன்னு சொல்லிக்கீறாரு.”

ரங்கையா உருண்டையைக் கூடையில் போட்டார்.

பிறகு காவித் துண்டை இழுத்தார்கள். புஜத்தில் ஊசி குத்திய தடம் வரிசையாக இருந்தது, காலையில் குத்தியதுவரை. திருப்பதியில் ஒரு கண்ணாடிக் கடையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவர் என்பதும் அவர் வாயாலேயே வந்தது. ஊசியை நிறுத்திய கிழவர்கள் “இப்ப நல்லா படிக்கறேன்” என்று கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வருவதை அங்கே பார்த்திருக்கிறார். தனக்கு ஊசி, பிறத்தியாருக்கு வெல்லம்.

அன்றே எல்லை தாண்டி ஓடிவிட்டார். அந்தப் பக்கம் இப்போது காது கொடுக்கிறாராம்.

ஏகாம்பரத்துக்கு இரண்டு விரல் போயிற்று. கால் மிஞ்சியது. ஊசி தொடங்கியதும் எழுத்து திரும்ப மங்கியது. இந்தமுறை எந்தச் சாமியிடமும் போகாமல் வீட்டில் கிடந்தார். நாற்பதாம் நாள் பார்வை நிலைக்கு வந்தது. டாக்டர் அளவெடுத்து ஒரு சாதாரணக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு எல்லாரும் போடுகிற கண்ணாடி. அவ்வளவு நாள் அவர் பெருமைப்பட்டது கண்ணைப் பற்றி இல்லை, சர்க்கரையைப் பற்றி.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் ஜனங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாமி ஓடிய அன்றைக்கே, அதே மேடையில், ஒருவர் நீல மருந்துப் புட்டிக்குக் குங்குமம் வைத்தார். இன்னொருவர் கற்பூரம் தேடினார். நாலைந்து பேர் செங்கம்மா காலில் விழுந்து, தாயே கண் கொடு என்றார்கள்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

“கும்புடாதீங்க. தோப்புக்கு அந்தாண்ட போய் ஆளுக்கு ஒரு குப்பி புடிச்சிக்கினு வாங்க. காய்ச்சிப் பாப்போம்.”