விழும்போது கத்துகிற விமானம்

விமானம் பதினேழாவது தடவையாக மீனம்பாக்கத்தில் தலைகுப்புற விழுந்தது. நீலமேகம் பைலட் சீட்டிலிருந்து இறங்காமலே கத்தினார்.

"நர்மதா! மிக்சிய ஆஃப் பண்ணுன்னு சொன்னனா இல்லியா? வார்னிங் கேக்கவே இல்ல. நூத்தி எண்பது பேரு பூட்டாங்க!"

"சட்னி அரைக்கவா, இல்ல உன் நூத்தி எண்பது பேருக்குக் காரியம் பண்ணவா?" என்று சமையல்கட்டிலிருந்து மனைவியின் பதில் வந்தது.

அது கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டுதான். ஆனால் விளையாட்டு என்று சொல்லிவிட்டால் மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதற்காக எட்டு மாதம் உழைத்து வீட்டுக்குள்ளேயே ஒரு காக்பிட் கட்டியிருந்தார். எர்ணாவூரில் இரண்டே அறை கொண்ட வீடு, அதில் ஒன்று முழுக்கக் காக்பிட். செத்துப்போன ஃப்ரிட்ஜ்களின் கதவுகள்தான் இரண்டு பக்கச் சுவர்கள். நடுவில் ஷேர் ஆட்டோ சீட்டு. சைக்கிள் ஹேண்டில்பாரை அறுத்து ஸ்டியரிங். முன்னால் பழைய டி.வி. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஃபேன் ரெகுலேட்டர். சொந்தக்காரர்கள் வந்தால் நர்மதா அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு, "உள்ள பெயின்ட் அடிச்சிகினு கீறாங்க" என்பாள். எட்டு மாதமாக அடிக்கிற பெயின்ட்.

நீலமேகம் அசல் வாழ்க்கையில் ஓட்டுவது ஃபோர்க்லிஃப்ட். தெருக்கோடியில் இருந்த ரசாயனக் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலை. அது பன்னிரண்டு அடிக்கு மேல் எதையும் தூக்காது, அதுவும் சரக்கைத்தான் தூக்கும், நீலமேகத்தை அல்ல. நாற்பத்து நான்கு வயதாகியும் அவர் விமானத்தில் ஏறியதில்லை. அந்த ஏக்கம் இப்படிக் காக்பிட்டாகப் புறப்பட்டுவிட்டது.

இப்போது விஷயம் என்னவென்றால், வருகிற வெள்ளிக்கிழமை அவர் பர்மனென்ட் ஆகவேண்டும். சேஃப்டி ஆபீஸர் எபினேசர் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆர்டர் கைக்கு வந்துவிடும். ஆனால் எபினேசர் லேசுப்பட்டவர் இல்லை. ஹெல்மெட்டின் வாரை மாட்டாமல் டீ குடித்த குற்றத்துக்காக ஒருவனைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டவர்.

"வெள்ளிக்கெழம வரிக்கும் எந்த வம்புக்கும் போவாத. கம்முனு கெட," என்று நர்மதா தினமும் காலையில் காபியோடு சேர்த்துக் கொடுத்தாள்.

நீலமேகம் கம்மென்றுதான் இருந்தார். அவர் கவலையெல்லாம் அந்த வார்னிங்தான். விமானத்தின் வேகம் ரொம்பக் குறைந்தால், விழப்போகிறது என்று முன்கூட்டியே 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டதும் மூக்கை இறக்கி வேகத்தைக் கூட்டினால் பிழைக்கலாம். ஆனால் எர்ணாவூரில் ஒரு பீப் யார் காதில் விழும்? ஒரு பக்கம் கூட்ஸ் வண்டி, இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர் லாரி, வீட்டுக்குள் மிக்சி.

முதலில் ஹெட்ஃபோன் மாட்டிப் பார்த்தார். பீப் அருமையாகக் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. தண்ணி லாரி வந்து, ஹாரன் அடித்து, தெருவே குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு, லாரியும் போய்விட்டது. நர்மதா வேலைக்குப் போகும்போது நூறு தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"ஒரு கொடம் புடிச்சியா?"

"மீனம்பாக்கத்துல செம மழ நர்மதா, எறங்கவே முடில..."

"அந்த மழைலயே போய்க் குளி!"

ஹெட்ஃபோன் அன்றைக்கே அரிசி டிரம்முக்குள் போய்விட்டது.

அடுத்து ஒரு ட்ரெய்லர் ஹாரன் வாங்கினார். பீப் வந்தால் ஹாரனுக்குக் கரண்ட் போகிற மாதிரி ஒரு சின்னப் பெட்டியைத் தானே செய்து மாட்டினார். மூளைக்காரர்தான், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. விமானம் தடுமாறியது, ஹாரன் அலறியது. வெளியே ரோட்டில் வரிசை கட்டி நின்ற ட்ரெய்லர்களில் முன்னால் நின்றவன், பின்னால் நிற்பவன்தான் அடிக்கிறான் என்று நினைத்துத் திருப்பி அடித்தான். அவன் அடித்ததால் அதற்குப் பின்னால் நின்றவன் அடித்தான். ஐந்தே நிமிஷத்தில் நாற்பது லாரி ஹாரன்களும் இரண்டு டிரைவர்களின் சட்டைக் காலரும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. போலீஸ் வந்துதான் பிரித்துவிட்டது.

"பாய், இந்த ஏரியால எவனும் இதுவரிக்கும் கேட்ருக்கவே கூடாது. அப்டி ஒரு சத்தம் வோணும்," என்று கொருக்குப்பேட்டையில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் ரஹீம் பாயிடம் போய் நின்றார். "லாரி மாரியும் இருக்கக் கூடாது, ரயிலு மாரியும் இருக்கக் கூடாது."

ரஹீம் தாடியைச் சொறிந்துகொண்டு உள்ளே போய், தவலை அளவுக்கு ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒடச்ச கப்பல்லேர்ந்து வந்துது மாமு. நடுக்கடல்ல தீப்புடிச்சா அடிக்கிறது. ஆனா வூட்டுக்குள்ள வச்சி அடிச்சிராத, செவுரு வுழுந்துரும்."

நீலமேகம் அதை வாங்கிவந்து வீட்டுக்குள்தான் வைத்தார். ஜன்னலில், வெளியே பார்த்தபடி.

புதன்கிழமை அவருக்கு மதிய ஷிஃப்ட். நர்மதா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மணி பதினொன்று. மிக்சி இல்லை, ஹெட்ஃபோன் இல்லை, தடுக்க ஆள் இல்லை. விமானம் மீனம்பாக்கத்தை நெருங்கியது. வேகம் குறைந்தது. அடித்தது பாருங்கள் அந்தக் கப்பல் சாமான்! டி.வி. ஆடியது. பரணிலிருந்து ஒரு சொம்பு உருண்டு விழுந்தது. நீலமேகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் தடவையாக எந்தத் தடங்கலும் இல்லாமல் வார்னிங் கேட்கிறது! மூக்கை இறக்கினார், ரெகுலேட்டரைத் திருகினார், மறுபடி வேகம் குறைந்தது, மறுபடி அலறியது. மூன்று நிமிஷம் இந்தப் போராட்டம். பிறகு சக்கரம் தரையைத் தொட்டது. உருண்டது. நின்றது. நூற்று எண்பது பேரும் உயிரோடு இருந்தார்கள்!

"எறக்கிட்டேன்! எறக்கிட்டேன்!" என்று கூவிக்கொண்டு, யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்று தெருவுக்கு ஓடி வந்தார்.

தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

டிபன் கடையில் தோசை ஒன்று கரிந்து புகைந்துகொண்டிருந்தது. ஒரு ட்ரெய்லர் நடுரோட்டில் கதவைத் திறந்துபோட்டு, என்ஜின் ஓட, டிரைவர் இல்லாமல் நின்றது. மீன் விற்கிற குப்பம்மாவின் கூடைக்குள் இரண்டு பூனைகள் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

தூரத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் அவரை நோக்கி ஓடி வந்தது. கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, நர்மதா. சொட்டச் சொட்ட நனைந்த ரேஷன் பையை மூக்கில் கட்டியிருந்தாள்.

"யோவ், இன்னும் இங்கியா நின்னுகினு கீற? வாய்யா ஜல்தியா!" அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "அல்லாரும் ஓடிட்டாங்க. உன்னிய வுட்டுட்டு எப்டியா ஓடுவேன்?"

"இன்னாடி ஆச்சி?"

"கம்பெனி சைரன் அடிச்சிச்சிய்யா! கேஸு லீக்காயிட்ச்சி!"

அந்த வட்டாரத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. கம்பெனி சைரன் அடித்தால் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே ஓடவேண்டும். எப்போது அடிக்குமோ என்று ஒரு காதைக் கம்பெனிப் பக்கம் வைத்துக்கொண்டுதான் அங்கே எல்லோரும் தூங்குவார்கள்.

"சைரனா? நான் வூட்லதான கீறேன், ஒண்ணும் கேக்கலியே. என் ஹாரன்தான் மூணு நிமிஷமா..."

நீலமேகம் நிறுத்தினார். நர்மதா மூக்கிலிருந்து பையை மெதுவாக அவிழ்த்தாள்.

"அடப்பாவி மனுசா," என்றாள் நர்மதா.

அரை மணி நேரத்தில் ஜனம் திரும்பி வர ஆரம்பித்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாமல் பாதிப் பேர் தெற்கே ஓடியிருந்தார்கள், பாதிப் பேர் வடக்கே ஓடியிருந்தார்கள். நடுவில் முட்டிக்கொண்டவர்களும் உண்டு. குப்பம்மாதான் ரொம்ப நொந்துபோய் வந்தாள்.

"நல்ல தண்ணி கெடைக்காம மீன் கழுவுன தண்ணில துணிய நனச்சிக் கட்டிகினு ஓடுனேன்டி. கேஸு கூடப் பரவால்ல போலக் கீது," என்றவள், கூடையைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, என் பாற மீனு!"

நர்மதா புருஷனை வீட்டுக்குள் தள்ளினாள்.

"மொதல்ல அந்தச் சனியன அவுரு. வெள்ளிக்கெழம வரிக்கும் வாயத் தொறந்த, நானே உன்னியப் போலீசுல குடுத்துருவேன்."

நீலமேகம் கட்டிங் பிளேயரை எடுத்து, சிவப்பு ஒயரை வெட்டுவதற்குப் பதில் கறுப்பு ஒயரை வெட்டி, வெட்டிய முனையைப் பதற்றத்தில் எதன்மீதோ பட வைத்தார். சாமான் மறுபடி அலறியது. இந்தத் தடவை நிற்கவே இல்லை.

வெளியே மறுபடியும் ஈரத்துணி, மறுபடியும் ஓட்டம். குப்பம்மா மட்டும் ஓடவில்லை. மீனே போனபிறகு உயிர் இருந்து என்ன என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து காதைத் தீட்டிக் கேட்டாள். பிறகு புடவையை வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தாள்.

"டேய், நில்லுங்கடா! கம்பெனிலேர்ந்து வர்ல! இந்த நீலமேகம் வூட்டு ஜன்னல்லேர்ந்துதான்டா வருது!"

நீலமேகம் பாய்ந்து போய் மெயினை அணைத்தபோது, வாசலில் தெருவே நின்றிருந்தது. எல்லோர் கழுத்திலும் ஈரத்துண்டு. எல்லோர் கண்ணிலும் கொலைவெறி.

"வெளிய வாய்யா பைலட்டு!" என்றது ஒரு குரல்.

"அந்தக் கூண்ட இஸ்து ரோட்ல போடு!" என்றது இன்னொன்று.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஜீப் வந்து நின்றது. எபினேசர் இறங்கினார். கூட்டம் தானாகவே வழி விட்டது. தாங்கள் அடிப்பதைவிட இவர் அடிப்பது பலமாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். எபினேசர் உள்ளே வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். காக்பிட்டைப் பார்த்தார். ஜன்னலில் இருந்த சாமானைப் பார்த்தார்.

"பதினோரு மணிக்கு அடிச்சது இதுதானா?"

"ஆமா சார்," என்றார் நீலமேகம்.

"ரெண்டாவது தடவை அடிச்சப்போதான் எந்தத் திசைன்னு எனக்குப் பிடிபட்டுது. எதுக்கு இதை அடிச்சீங்க?"

"நான் அடிக்கல சார். ஃப்ளைட்டு வுழப்போனா அதுவே கத்தும்."

எபினேசர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நர்மதாவுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"சார், பதினோரு வருசம் சார். ஒரு நாளு லேட்டாப் போனதில்ல. இந்த ஒரு பைத்தியத்தத் தவிர வேற ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது சார். இவுரு பேர மட்டும் அடிச்சிராதீங்க சார்!"

நீலமேகம் மூலையில் கிடந்த சுத்தியலை எடுத்தார். கண் கலங்கியிருந்தது. எட்டு மாதம். இன்றைக்குத்தான் முதல் தடவையாக இறக்கியிருந்தார்.

"ஒடச்சிடறேன் சார். உங்க கண்ணு முன்னாலயே ஒடச்சிடறேன். என் வேலைய மட்டும்..."

சுத்தியல் மேலே போனது. எபினேசர் ஒரே தாவாகத் தாவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, கை வைக்காதீங்க சார்!"

சாரா? நீலமேகம் திரும்பிப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை.

"காலையில இன்ஸ்பெக்‌ஷன் டீம் வந்திருந்தாங்க," என்றார் எபினேசர், கையை விடாமலே. "'சைரனைப் போடுங்க, ஜனங்க எத்தனை நிமிஷத்துல வெளியேறுறாங்கன்னு பார்க்கணும்'னாங்க. எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கறேன், சரியா அதே நேரம் அடிச்சுது. மூணே நிமிஷத்துல ஏரியாவே காலி. 'இந்த மாதிரி நாங்க எங்கேயும் பார்த்ததில்லை'ன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. உங்க ஆர்டர்ல இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

நீலமேகத்தின் கையிலிருந்து சுத்தியல் நழுவி ஷேர் ஆட்டோ சீட்டில் விழுந்தது.

"ஒரே ஒரு உதவி," என்றார் எபினேசர். "அந்த டீம் நாளைக்கும் வருது. வீடியோ எடுக்கணுமாம். காலையில பதினோரு மணிக்கு அந்த ஃப்ளைட்டை இன்னொரு தடவை விழ வைப்பீங்களா, சார்?"

நர்மதா குறுக்கே புகுந்தாள்.

"அதுக்கு இன்னாத்துக்கு சார் எங்க வூட்டு ஃப்ளைட்டு? கம்பெனி சைரனையே அடிக்க வேண்டிதான?"

எபினேசர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கம்பெனிக்கு ஏதும்மா சைரன்? இருபது வருஷத்துல அதை நானே இன்னிக்குத்தான் முதல் தடவையா கேட்டேன்."