ஏதாவது ஒரு கீயைத் தட்டவும்

சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தவனை நம்பி முக்கியமான எதையும் ஒப்படைக்கக் கூடாது. இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அந்த ஆள் நான்தான்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டிய ஒரு சிற்றூரில் கணக்கு வாத்தியார் நான். வாணியம்பாடியில் கடை வைத்திருக்கும் நவாஸ் பாயிடம் மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க் என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்து, பழைய கேபினெட் ஒன்றில் பொருத்திப் பூட்டி, முதல் தடவை திரையில் வெளிச்சம் வந்தபோது நான் நடந்த நடையை இன்றுவரை என் மனைவி காஞ்சனா நடித்துக் காட்டுவாள். (நெஞ்சை அவ்வளவு நிமிர்த்தவில்லை. அது அவளுடைய சேர்க்கை.)

அந்தக் கம்ப்யூட்டரில்தான் காஞ்சனா தன் எம்.ஏ. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்திருந்தாள். மலையில் விளையும் சாமை, தினை வகைகளுக்கு ஊருக்கு ஊர் என்னென்ன பெயர் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய எண்பது பக்கம். திங்கட்கிழமை மதியத்துக்குள் திருப்பத்தூரில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலை, திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு. போன வாரம் பாய் கடையில் நெட் மாட்டியபோது இறங்கியிருந்த புதிய ஓ.எஸ். தயார், இப்போதே மாறலாமா என்று கேட்டது. வேறு யாராயிருந்தாலும் செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள்.

"ஏங்க, எதுக்கும் என் ஃபைல ஒரு பென்டிரைவ்ல போட்டு வச்சிட்டு பண்ணுங்களேன்" என்றாள் காஞ்சனா.

"இன்னா காஞ்சனா, இத பூட்டுனதே நான். எனக்குத் தெரியாதா?"

முக்கால்வாசி ஏறியதும் அப்கிரேடு நின்றது. அணைத்துப் போட்டேன். நீலத் திரை வந்தது. மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடி நீலம். என் முகத்தைப் பார்த்துக் காஞ்சனாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

நவாஸ் பாயைக் கேட்கலாம் என்றால், எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. சிக்னல் கிடைக்க எதிர்மேட்டுப் பாறைமேல் ஏற வேண்டும். கம்ப்யூட்டர் இங்கே, போன் அங்கே. நடுவில் அண்ணாமலை அண்ணனின் சாமை வயல். கதிர் முற்றும் காலம் என்பதால் அவர் பகலெல்லாம் பரண்மேல் உட்கார்ந்து குருவி விரட்டிக்கொண்டிருந்தார். அவர் குரல் கொடுத்தால் அடுத்த ஊர்க் குருவியும் பறந்துவிடும்.

காஞ்சனா போனோடு பாறையில் ஏறினாள். போகும்போது, "அழிக்கிற பட்டன் எது வந்தாலும் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் கத்த, அண்ணாமலை அண்ணன் வாங்கி என் ஜன்னலுக்கு அனுப்ப, எங்கள் சேவை மையம் தொடங்கியது.

"வாத்தியாரே! பாய் அன்னிக்கு குடுத்த ஓ.எஸ். பென்டிரைவ சொருகிட்டு ஆன் பண்ணுவியாம்! ஏதாச்சும் ஒரு கீய தட்டச் சொல்லி எழுத்து வருமாம், தட்டுவியாம்!"

வந்தது. தட்டினேன். மொழி கேட்டது, சொன்னேன். எந்த இடத்தில் போடுவது என்று கேட்டது, காட்டினேன். நடுவில் ஏதோ நீளமாக ஓர் எச்சரிக்கை வந்தது. படிக்காமல் சரி கொடுத்தேன். (கேள்வியை முழுதாகப் படி என்று பிள்ளைகளைத் திட்டுவதும் நானேதான்.) நூறு சதவீதம் ஆனது, தானாக அணைந்து எழுந்தது. மறுபடி ஏதாவது ஒரு கீயைத் தட்டச் சொன்னது. தட்டினேன். மறுபடி மொழி கேட்டது.

இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. ஒவ்வொரு தடவையும் நூறைத் தொட்டதும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

"இப்ப இன்னா வருதுன்னு பாய் கேக்கறாரு!"

"மொழி கேக்குதுண்ணே!"

"திரும்பவுமா? எத்தினி வாட்டிதான் சொல்லுவ அதுக்கு?" இது பாய் கேட்டதல்ல, அண்ணாமலை அண்ணனின் சொந்தக் கேள்வி. பக்கத்துக் கொல்லையில் களை எடுத்த பெண்களும் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். ராம் கெட்டிருக்கும் என்று கேபினெட்டைத் திறந்து கழற்றி, துடைத்து, மாட்டினேன். மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் திட்டினேன். நான்காவது சுற்றும் மொழியில் வந்து நின்றது.

பரணிலிருந்து புதிய கேள்வி வந்தது. "ஒவ்வொரு வாட்டி அணைஞ்சி எழும்போது நீ இன்னா பண்றன்னு கேக்கறாரு!"

"கீய தட்டச் சொல்லுது, தட்றேன்!"

என் பதில் மேட்டில் ஏறியது. பிறகு காஞ்சனாவின் சிரிப்பு, எந்தத் தரகரும் இல்லாமல் நேராக என் ஜன்னலுக்கே வந்தது.

"வாத்தியாரே! கைய எடு!"

"எந்தக் கையண்ணே?"

"ரெண்டையும்தான்! மொத வாட்டி மட்டுந்தான் தட்டணுமாம். அப்பால அது பாட்டுக்குப் பண்ணிக்குமாம். நீ தட்டத் தட்ட அது பாவம் மொதல்லருந்து ஆரம்பிக்குதாம்! இந்தச் சுத்து முடியிற வரிக்கும் கையப் பின்னால கட்டிக்கினு நில்லு!"

நின்றேன். நான் கைகட்டி நிற்க வைத்த பிள்ளைகள் அத்தனை பேரும் மனதில் வந்து போனார்கள். அரை மணி நேரத்தில் புதிய ஓ.எஸ். பளபளவென்று எழுந்தது. டெஸ்க்டாப் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அதில் இருந்த ஆய்வேட்டைக் காணோம்.

காஞ்சனா இறங்கி வந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளோ அலமாரியிலிருந்து தன் குறிப்பு நோட்டுகளை எடுத்து, வெள்ளைத் தாளில் தலைப்பை எழுத ஆரம்பித்தாள். எண்பது பக்கத்தைக் கையால் எழுதப் போகிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, வந்துவிட்டது.

போனைப் பிடுங்கிக்கொண்டு பாறைக்கு ஓடினேன். நவாஸ் பாய் நிதானமாகக் கேட்டார். "சார், ஃபார்மட் கீது பண்ணீங்களா?"

"இல்ல பாய். அழிக்கிற எதையும் தொடாதன்னு வூட்ல சொன்னாங்க."

"அல்லா காப்பாத்தினாரு. சி டிரைவ்ல ஓல்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும் பாருங்க. பழைய சாமான்லாம் அதுல தள்ளி வச்சிருக்கும். அத ஒரு எச்சரிக்கையா சொல்லிருக்குமே, படிக்கலியா?"

பாறையிலிருந்து ஒரே ஓட்டமாக இறங்கி வந்தேன். ஒன்றல்ல, நான்கு ஓல்டு ஃபோல்டர்கள் இருந்தன, என் ஒவ்வொரு தட்டலுக்கும் சாட்சியாக. மூன்று வெறும் கூடு. நான்காவதில் எண்பது பக்கமும் அப்படியே இருந்தது. காஞ்சனா ஒரு வரியைக்கூட விடாமல் உருட்டிப் பார்த்துவிட்டு, முதல் வேலையாகப் பென்டிரைவைக் கேட்டாள். காப்பி எடுக்கும்போது என்னைப் பக்கத்தில் நிற்க விடவில்லை.

திங்கட்கிழமை ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. முதல் வகுப்பில் தேறினாள். நன்றியுரையில், "தக்க நேரத்தில் கையை எடுத்து உதவிய என் கணவருக்கு" என்று ஒரு வரி இருக்கிறது.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அன்று அந்தச் செய்தி பரண் வழியாகப் போனதால் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. மிக்ஸி நின்றாலும், பம்புசெட் மக்கர் செய்தாலும், நான் பக்கத்தில் போனாலே யாராவது ஒரு குரல் விடுவார்கள்.

போன சுதந்திர தினத்தன்று பள்ளியில் மைக் வேலை செய்யவில்லை. ஊரே கூடியிருந்தது. நான் மேடையேறி ஒயரைத் திருகினேன், தட்டினேன், ஊதினேன். கூட்டத்தின் கடைசியிலிருந்து அண்ணாமலை அண்ணன் எழுந்தார்.

"வாத்தியாரே! கைய எடு!"

என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லாமல் நானும் கட்டினேன்.

மைக் வேலை செய்தது.