இல்லாத வெங்காயம்

மாக்டெபர்க், 1943 அக்டோபர்

பாசமுள்ள ஒட்டிலியே அக்காவுக்கு,

தம்பி ஏவால்ட் வணங்கி எழுதுவது. நாங்கள் நலம். எங்கள் கூரையும் நலம். பக்கத்து வீட்டுக்குத்தான் கூரை இல்லை. உன் முழங்காலும் பசுவும் நலமென்று நம்புகிறேன். தபாலில் போட்டால் உனக்கு முன்னால் வேறு யாராவது படித்துவிடுவார்கள் என்பதால், உன் ஊர்ப்பக்கம் வரும் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் தம்பி மனைவி ஹெர்தாவால் வந்த வினையைக் கேள். எங்கள் பையன் வில்ஃப்ரீட் போர்முனையில் இறந்த செய்தி வந்தபின் முதல் தடவையாக இருவரும் ரொட்டிக் கடை வரிசையில் நின்றோம். கடைக்காரம்மா பழக்கதோஷத்தில், "பையனுக்கு ஓரத்துண்டு எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், ஹெர்தா உடைந்து அழுதுவிட்டாள். நான் கல்லாக நின்றேன். எங்கள் தெருவின் கட்சிப் பொறுப்பாளர் ஹாகெடோர்ன் பின்னாலேயே நின்றிருந்தார். "நாட்டுக்கு உயிர் கொடுத்த பிள்ளை. பெருமைப்படணும். அழுதா மத்தவங்க மனசும் தளந்துபோகும்" என்றார். ஹெர்தா பயந்துபோய், "அழலைங்க, வெங்காயம் உரிச்சிட்டு வந்த கண்ணு" என்றாள். வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வசந்தகாலத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் வெங்காயத்தைப் பார்த்தவர் கிடையாது.

வீடு வந்து சேர்வதற்குள் மூன்று பேர் கிண்ணத்தோடு வாசலில். பின்னாலேயே போலீஸ்காரரோடு ஹாகெடோர்ன். பதுக்கல் சோதனையாம். அடுப்படி, மெத்தை எல்லாம் புரட்டிவிட்டு வில்ஃப்ரீட் அலமாரியையும் திறந்தார்கள். நாங்களே அதைத் திறக்காமல் வைத்திருந்தோம், அக்கா. அவன் சட்டை வாசனை அறைக்குள் வந்தது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "இதுலயும் இல்லைங்க" என்றார்.

ஹாகெடோர்ன் பேனாவைத் திறந்தார். "வெங்காயம் இருந்துச்சுன்னா கள்ளச்சந்தை. இல்லைன்னா அழுதது நெசம், அது தேசத்துரோகம். எதுன்னு எழுத?"

"வெங்காயம்னே எழுதுங்க" என்றாள் ஹெர்தா.

காய்கறி ரேஷன் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதோடு ஹெர்தாவுக்கு ஞாயிறுதோறும் ராணுவ முகாம் சமையற்கட்டில் ஊழியம். அங்கே என்ன வேலை தெரியுமா? மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிப்பது. எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், ஏனென்று கேட்க ஆளில்லை. பெண்பிள்ளைகள் என்னைப்போல் மனசை அடக்கக் கற்றுக்கொண்டால் இந்தத் தொல்லை உண்டா, சொல்.

அத்தானுக்கு என் வணக்கம், உன் பேரக்குழந்தைகளுக்கு ஆசிகள். கடவுள் உங்கள் கூரையைக் காக்கட்டும்.

உன் தம்பி,
ஏவால்ட்

பி.கு: அண்ணி, ஹெர்தா எழுதுறேன். உறையை ஒட்டக் குடுத்தார், படிச்சேன். கடையில அழுதது நான் இல்லை, அவர்தான். தரையில உக்காந்து பிள்ளை பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அவரைக் காப்பாத்த வெங்காயம்னு சொன்னது நான். அவர் எழுதினபடியே இருக்கட்டும், அவர்கிட்ட ஒண்ணும் கேட்காதீங்க. எனக்குத்தான் இன்னும் அழுகையே வரலை. ஞாயித்துக்கிழமை முழுக்க உரிக்கிறேன். பக்கத்துல இருக்கிறவங்களுக்கெல்லாம் கண்ணுல தண்ணி கொட்டுது, அண்ணி. எனக்கு வரலை.